நாட்பட்ட சைனஸ் அழற்சியும் அமில எதுக்களிப்பும்

மூக்கிலும் அதைச் சூழ்ந்த காற்றறைகளிலும் உள்ள சவ்வு 12 வாரங்களுக்கும் மேலாக அழன்றிருப்பது நாட்பட்ட சைனஸ் அழற்சி. மூக்கடைப்பு, சளி, முகப்பாரம், மணம் தெரியாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறுவது எதுக்களிப்பு. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இதன் அடையாளங்கள். சித்த மருத்துவம் சைனஸ் தொல்லையைப் பீனிசம் என்கிறது.

தொடர்பு

அமிலமும் பெப்சின் நொதியும் தொண்டையைத் தாண்டி ஏறி, மூக்கின் பின்பகுதியை உறுத்தலாம் என்பது ஒரு விளக்கம். உணவுக்குழாயில் படும் அமிலம் வேகஸ் நரம்பின் வழியே மூக்கில் வீக்கத்தைத் தூண்டலாம் என்பது மற்றொன்று. இரு நோய்களும் சேர்ந்து காணப்படுவதுண்டு. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை.

வாழ்க்கைத்தரம்

சைனஸ் நோயாளியின் அன்றாட அவதியை அளக்க ‘ஸ்நாட்-22’ என்ற வினாப்பட்டியல் பயன்படுகிறது. 22 கேள்விகளுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்; கூட்டுத்தொகை 110-ஐ நெருங்க நெருங்க அவதி மிகுதி. சுமார் 9 புள்ளிகள் குறைந்தால் நோயாளி முன்னேற்றத்தை உணர்கிறார். இருமல், தொண்டையில் இறங்கும் சளி, இரவில் விழிப்பு, பகல் சோர்வு ஆகியவையும் இதில் உண்டு. இவை எதுக்களிப்பாலும் வரக்கூடியவை. ஆகவே மூக்கு சீரான பிறகும் மதிப்பெண் குறையாவிட்டால் வயிற்றையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

போடிநாயக்கனூரில்

ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூரிலிருந்து தொழிலாளர்கள் அதிகாலையிலேயே ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மலைக்குளிரும், காய் தரம் பிரிக்கையில் எழும் தூசும் உணர்திறன் மிக்க மூக்கை உறுத்தக்கூடியவை. ஏலக்காய் எண்ணெயின் முக்கியக் கூறான சினியோல், 2004-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 152 பேரிடம் சோதிக்கப்பட்டு, திடீர் சைனஸ் அழற்சியின் தொல்லையைக் குறைத்தது. ஆனால் அது தனியே பிரித்தெடுத்த மருந்து. ஏலக்காய் டீக்கு அந்தப் பலன் உண்டு என்று கொள்ள முடியாது. டீயே சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும்.

சிகிச்சை

மூக்குக்கு உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் அடிப்படை. எதுக்களிப்புக்கு, இரவு உணவை உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பதும், கட்டிலின் தலைமாட்டை 15–20 செ.மீ. உயர்த்துவதும், உடல் பருமனைக் குறைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும் உதவும். நெஞ்செரிச்சல் இருந்தால் பான்டோபிரசோல் போன்ற அமிலக்குறைப்பு மருந்துகள் பயன்படும். அது இல்லாதவருக்கு எதுக்களிப்பைப் பரிசோதனையில் உறுதிசெய்த பின்னரே அவற்றைத் தொடங்க வேண்டும் என்கிறது அமெரிக்க இரைப்பைக்குடலியல் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல். விழுங்குவதில் சிரமம், ரத்த வாந்தி, கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.