மறக்காத இரைச்சல்

1948-இல் கிளாட் ஷானன் தகவல் தடங்களுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்: கொள்திறன். அதற்குள் அடங்கும் வேகத்தில் அனுப்பினால், இரைச்சலான தடத்திலும் பிழையை வேண்டுமளவு குறைக்கலாம். 1973-இல் மாஸ்கோவின் அலெக்சாண்டர் ஹோலேவோ, ஒரு குபிட்டிலிருந்து, அதாவது குவாண்டம் பிட்டிலிருந்து, ஒரு பிட்டுக்கு மேல் தகவல் கறக்க முடியாது என்று காட்டினார். 1990-களின் பிற்பகுதியில் அவரும், அமெரிக்காவில் ஷூமாக்கரும் வெஸ்ட்மோர்லேண்டும், குவாண்டம் தடத்தில் சாதாரணத் தகவலை அனுப்பும் கொள்திறனுக்குச் சூத்திரம் கண்டார்கள்.

அந்தச் சூத்திரத்துக்கு அடியில் வசதியான அனுமானம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குபிட்டையும் புதிய இரைச்சல் தாக்கும். முந்தையதற்கு என்ன ஆனது என்பது தடத்துக்கு நினைவிருக்காது. நிஜ ஒளியிழை அப்படியில்லை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது ஒளியின் முனைவாக்கத்தைத் திருப்புகிறது. அந்த மாற்றம் மெதுவானது. அடுத்தடுத்து விரையும் இரண்டு ஃபோட்டான்களுக்கு ஏறக்குறைய ஒரே திருப்பம்தான் கிடைக்கும்.

2002-இல் இத்தாலியின் கியாரா மக்கியவெல்லோவும் மாசிமோ பால்மாவும் இதற்கு எளிய மாதிரி ஒன்றை அமைத்தார்கள். முதல் குபிட்டுக்கு நேர்ந்த பிழையே இரண்டாவதற்கும் கட்டாயமாக நேர ஒரு நிகழ்தகவு; மற்றபடி இரண்டாவதன் பிழை தனியானது. அந்த நிகழ்தகவு பூச்சியமானால் தடத்துக்கு நினைவே இல்லை; ஒன்றானால் முழு நினைவு. நினைவு ஒரு வரம்பைத் தாண்டியதும், தனித்தனிக் குபிட்களைவிட, குவாண்டம் முறையில் ஒன்றோடொன்று பிணைந்த ஜோடிகள் அதிகத் தகவலைச் சுமந்தன.

காரணம் எளிது. ஒரே பேருந்தில் போகிறவர்கள் பள்ளத்தில் சேர்ந்தே குலுங்குவார்கள். அவர்களுக்கு இடையிலான தூரம் மாறாது. பிணைந்த ஜோடியில் தகவல் இருப்பதும் அந்த 'இடையில்'தான். முழு நினைவுள்ள தடத்தில் பிணைந்த ஜோடியின் நான்கு அடிப்படை நிலைகளான பெல் நிலைகளும் சேதமின்றிக் கடக்கின்றன: இரண்டு குபிட்களில் முழுதாக இரண்டு பிட். 2004-இல் கோன்ராட் பனாசெக் குழு ஃபோட்டான் ஜோடிகளைக் கொண்டு இந்த ஆதாயத்தைச் சோதனையிலேயே காட்டியது.

2005-இல் கிரெட்ச்மனும் வெர்னரும் நினைவுள்ள தடங்களுக்கான பொதுக் கோட்பாட்டை வகுத்தார்கள். அதில் தடம் ஒரு சங்கிலி. ஒவ்வொரு பயன்பாடும் தன் நினைவை அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. நினைவின் தொடக்க நிலை போகப் போக மறைந்துவிடும் 'மறதித் தடங்க'ளுக்குக் கொள்திறனைக் கணிப்பது ஓரளவு சுலபமானது.

ஒருபோதும் மறக்காத தடங்களை 2007-இல் நீலாஞ்சனா தத்தாவும் டோனி டோர்லாஸும் ஆராய்ந்தார்கள். பல தடங்களில் ஏதோ ஒன்று முதலில் தற்செயலாக வாய்க்கிறது, கடைசிவரை அதுவேதான். இங்கே நினைவு உதவிக்கு வருவதில்லை. எது வாய்த்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டுமானால், இருப்பதிலேயே மோசமான தடத்துக்கும் தாங்கும் வேகத்தில்தான் அனுப்பியாக வேண்டும்.