கைத்துப்பாக்கியின் விட்டமும் சட்டமும்

பெங்களூரில் குறிபார்த்துச் சுடும் கலையைப் பயில விரும்பும் இளைஞர் முதலிற் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எந்தக் கைத்துப்பாக்கியைத் தேர்வது? பழைய அமைப்பா, புதிய அமைப்பா? பாயிண்ட் டூ டூவா, பாயிண்ட் த்ரீ டூவா, அல்லது ஒன்பது மில்லிமீட்டரா? அயல்நாடுகள் சிலவற்றில் இதற்குக் கடைக்காரரே விடை கூறிவிடுவார். நம் நாட்டிலோ அவ்விடையின் பெரும்பகுதியைச் சரித்திரம் முன்னமே எழுதி வைத்துவிட்டது. அச்சரித்திரத்தின் சில ஏடுகள் நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டிலும், நாம் விட்டுவந்த தமிழ் நாட்டிலுமே எழுதப்பட்டன.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைப் 'போர்' என்றும் 'காலிபர்' என்றும் வழங்குகிறோம். பழங்காலத்தில் அதனை அங்குலத்தால் அளக்கவில்லை. ஈயத்தின் எடையால் அளந்தார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்து, அவற்றில் ஒன்று எக்குழலிற் பொருந்துமோ அது 12 போர். ஆகவே எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். பின்னர் வந்த .22, .32, .455 என்பன அங்குலத்தின் பின்னங்கள். .22 என்பது ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர்; .32 ஏறக்குறைய 8; .455 பதினொன்றரைக்கு மேல். ஆனால் இவ்வெண்களை மிகவும் நம்பிவிடலாகாது. .38 என்று பெயர் பெற்ற தோட்டாவின் குண்டு உண்மையில் .36 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். பெயர் ஒன்று, பொருள் ஒன்று என்பது துப்பாக்கி உலகிற்கும் பொருந்தும்!

திப்பு சுல்தானின் காலத்தில் மைசூர் நாட்டிற் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கியவை. புலிமுகமும் புலிவரியும் பொறித்த அவ்வாயுதங்களை 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வென்றவர்கள் கவர்ந்து சென்றனர். அவற்றுட் சில இன்றும் இங்கிலாந்தில் உள்ளன. இணையாகச் செய்த கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு வலப்புறமும் மற்றதற்கு இடப்புறமும் விசைப்பொறி அமைப்பது திப்புவின் தொழிலாளர் கையாண்ட முறை. வேலைப்பாட்டிற் குறையில்லை. ஆயினும் குறிபார்ப்பவனுக்கு அப்பொறி பெரும் சோதனை. விசையை இழுத்தவுடன் குண்டு புறப்படாது. கல் எஃகில் மோத வேண்டும், தீப்பொறி கிண்ணத்து மருந்தைப் பற்ற வேண்டும், அத்தீ துளைவழியே உள்ளே புக வேண்டும். அந்த இமைப்பொழுது முழுதும் கை அசையாதிருத்தல் வேண்டும். 1807-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் ஃபோர்சைத் தட்டினால் வெடிக்கும் மருந்துக்கு உரிமை பெற்றதன் பெருமை இந்த இடைவெளியைச் சுருக்கியதில் இருக்கிறது. துப்பாக்கியின் தலைமுறை மாற்றம் குறிபார்ப்பவனுக்குத் தந்த நன்மை விரைவு மட்டுமன்று. இழுத்த கணத்திலேயே வெடித்தலுமாகும்.

சாமுவேல் கோல்ட்டு 1836-ல் அமெரிக்காவில் உரிமை பெற்ற சுழல்துப்பாக்கி அடுத்த தலைமுறை. அது பரவியதும் விட்டத்தைப் பற்றிய வாதம் மூண்டது. கோல்ட்டின் கடற்படைத் துப்பாக்கி .36 அளவுடையது, இங்கிலாந்தில் ஆடம்ஸ் செய்தது 54 போர், அதாவது.442 அங்குலம். 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் ஆங்கில அதிகாரிகள் பெரிய குண்டையே நாடினார்கள். கைகலப்பில் எதிரியை நிறுத்த வேண்டும் என்பதே அவர்கள் கவலை, அட்டையில் துளையிடுவதன்று. 1887-ல் ஆங்கிலப் படை மேற்கொண்ட .455 வெப்ளி சுழல்துப்பாக்கி அக்கவலையின் முதிர்ந்த வடிவம்.

அதே 1857 மற்றொரு விளைவையும் தந்தது. குடிமக்கள் கையில் ஆயுதம் இருப்பதை அரசு அஞ்சத் தொடங்கிற்று. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878-ல் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியன் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் பெருந்தீமைகளுள் ஒன்றாக எண்ணினார் என்றால் அது எவ்வளவு மனத்தை உறுத்தியிருக்கவேண்டும்!

இதில் விந்தை என்னவெனில், பெங்களூருக்கு மேற்கே உள்ள குடகு நாட்டார்க்கு இக்கட்டுப்பாடு இல்லை. மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்து 1861-ல் பதவி நீங்கிய மார்க் கப்பன், அவ்வாண்டிலேயே குடகருக்கு ஆயுத விலக்கு அளித்தார். கப்பன் பூங்காவில் மாலையில் உலவும் நம்மவர் பலர் அப்பெயருக்கும் துப்பாக்கிச் சட்டத்திற்கும் உள்ள தொடர்பை அறியார். குடகு இனத்தார்க்கும் ஜம்மா நிலம் உடையார்க்கும் அந்த விலக்கு இன்றும் உண்டு. 2019-ல் மத்திய அரசு அதனைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. பெங்களூர்த் தண்டு 1809-ல் நிறுவப்பட்ட காலந்தொட்டு அதற்கு உழைத்த தமிழர்க்கோ, 1834 முதல் இங்கே தலைமையிடம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையின் 'தம்பி'கள் குடும்பத்தார்க்கோ அத்தகைய சலுகை கிடைத்ததில்லை. பாளையத்தில் படைத்துப்பாக்கியைத் தோளிற் சுமந்தவன், ஓய்வு பெற்று அல்சூர் வீதிக்கு வந்ததும் உரிமம் கேட்டு நிற்கவேண்டியவனே.

சட்டம் இறுகிய இடத்தில் மனிதன் எல்லையைத் தாண்டிப் போகிறான். 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி அளித்தார். ஆங்கிலச் சட்டம் எட்டாத மண்ணில் அமைந்த அதனையும் ஒரு சுடுதளம் என்றே சொல்லவேண்டும். 1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜிய நாட்டில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. சுழல்துப்பாக்கிக்கு அடுத்த தலைமுறை தமிழகச் சரித்திரத்துக்குள் வந்தது இப்படித்தான்.

முதல் உலகப் போருக்குப்பின் ஆங்கிலப் படை தன் கருத்தையே மாற்றிக்கொண்டது. .455-ன் பின்னுதைப்பைத் தாங்கிக் குறிதவறாது சுட நீண்ட பயிற்சி வேண்டும். அவசரத்திற் சேர்த்த வீரர்களுக்கு அதற்கு அவகாசமில்லை. ஆகவே 1932-ல் .38 அளவுள்ள என்பீல்டு சுழல்துப்பாக்கியை ஏற்றார்கள். பெரிய குண்டு தவறிப் போவதைவிடச் சிறிய குண்டு படுவது மேல் என்பதே கணக்கு. படைத்துறை ஒப்புக்கொண்ட இவ்வுண்மை சுடுதளத்திற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே எதிரி இல்லை, காகிதம்தான் உண்டு.

நாடு விடுதலை பெற்றபின் 1951-ல் தேசியத் துப்பாக்கிக் கழகம் தோன்றியது. மக்களவைத் தலைவர் மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனவேற்றுமை அதில் இல்லை. ஆனால் 'தடை செய்யப்பட்ட' ஆயுதம் என்னும் வகை இருந்தது. 1962-ஆம் ஆண்டு விதிகளின்படி .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ படையின் 9 மில்லிமீட்டர்த் தோட்டாவையோ சுடவல்ல கைத்துப்பாக்கிகள் அவ்வகையில் அடங்கின. படைக் கொட்டடியிலிருந்து களவுபோகும் தோட்டா கடைத்தெருவில் ஒரு துப்பாக்கியிலும் பொருந்தக்கூடாது என்பதே இதன் உட்பொருள். அடிமைக் காலத்து அச்சத்தின் வாடை இதில் இருப்பது மெய்யே. ஆயினும் காரணமற்ற ஏற்பாடு என்று இதனை நான் தள்ளமாட்டேன். 2016-ல் விதிகள் புதிதாக எழுதப்பட்டபோதும் இப்பிரிவினை தொடர்ந்தது.

அதனால்தான் சாதாரண உரிமம் பெற்ற இந்தியன் கையில் .32 நிலைபெற்றது. அரசாங்கத் தொழிற்சாலைகளும் .32 சுழல்துப்பாக்கியையும் .32 தானியங்கியையும் செய்து விற்கத் தொடங்கின. இவை தற்காப்புக்கென்றே வாங்கப்படுபவை. குழல் குறுகியது, விசை கடினம். சுடுதளத்தில் இவற்றைக் கொண்டு பழகுவோர் விரைவில் சலிப்படைவர்.

ஆனால் .32 என்னும் அளவு குற்றமுடையதன்று. சர்வதேச விதிகளின்படி 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை எந்த விட்டமும் ஏற்புடையது. பெரிய குண்டு பெரிய துளை இடுமே, வளையக் கோட்டை எளிதில் தொடுமே என்று ஐயுற வேண்டாம். எவ்விட்டத்தில் சுட்டாலும் துளையை 9.65 மில்லிமீட்டர் அளவுகோலாலேயே அளக்கிறார்கள். ஆகவே சிறிய விட்டத்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. குறைந்த உதைப்பால் பெறுவது மிகுதி. தட்டைமுனைக் குண்டுடைய .32 தோட்டாவை உலகின் தேர்ந்த வீரர் பலர் விரும்புவது இதனாலேயே. இப்போட்டியில் ஜஸ்பால் ராணா 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும், 590 புள்ளிகளோடு 2006-ல் தோஹாவிலும் பொன் வென்றார். ஒன்பது மில்லிமீட்டர் கிட்டவில்லையே என்று ஏங்கும் இளைஞர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தொடங்குபவர்க்கு .32-ம் மிகையே. 4.5 மில்லிமீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கி, குறிப்பிட்ட ஆற்றலுக்குள் இருந்தால், உரிமமின்றிக் கிடைக்கும். விசையின் எடை 500 கிராமுக்குக் குறையலாகாது. பத்து மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மில்லிமீட்டர்தான். அதிலே கை நிலைத்தபின் .22-க்குச் செல்லலாம். 2012-ல் லண்டனில் விஜயகுமார் வெள்ளி வென்றது .22 தோட்டாவினாலேயே.

தலைமுறையைப் பற்றி ஒரு சொல். புதியதே சிறந்தது என்ற எண்ணத்தை 50 மீட்டர் போட்டி உடைத்தது. அதற்குரிய .22 கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரு தோட்டாவையே ஏற்பவை. சுட்டபின் கையால் மறுபடி இடவேண்டும். அவ்வகையில் அவை சுழல்துப்பாக்கிக்கும் முந்திய மரபைச் சேர்ந்தவை. ஆயினும் நுட்பத்தில் அவற்றை மிஞ்சும் தானியங்கி அரிது. 2014-ல் கிளாஸ்கோவில் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெள்ளி பெற்ற பெங்களூர்க்காரர் பிரகாஷ் நஞ்சப்பா, 2016-ல் ரியோ நகரில் இந்த 50 மீட்டர் போட்டியிற் கலந்துகொண்டார். அவ்வாண்டோடு ஒலிம்பிக் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.