விளையுமுன் வந்த வரி

அப்பாஸிய்ய கலீஃபா முதவக்கில் (ஆட்சி 847-861) ஒருமுறை வேட்டைக்குச் சென்றபோது வழியில் இருந்த வயல்களைக் கண்டார். கதிர்கள் பச்சையாகவே நின்றன. ஆனால் நிலவரியாகிய கராஜை வசூலிக்கத் தொடங்க அனுமதி வேண்டும் என்று அமைச்சர் உபைதுல்லாஹ் இப்னு யஹ்யா அதற்கு முன்பே கேட்டிருந்தார். பயிர் முற்றாதபோது மக்கள் எதைக்கொண்டு வரி செலுத்துவர் என்று கலீஃபா வினவினார். கடன் பட்டும், விளையாத தானியத்தை முன்னதாகவே விலை பேசியும் செலுத்துகிறார்கள், இயலாதவர்கள் ஊரைவிட்டே வெளியேறிவிடுகிறார்கள் என்று விடை வந்தது. பேரறிஞர் அல்பீரூனி தமது ‘அல் ஆஸாருல் பாக்கியா’ என்னும் நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

பச்சைப் பயிரின்மீது வரி கேட்கும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? அதனை அறிய, இராக் நாட்டின் பருவங்களை முதலில் நோக்க வேண்டும்.

திஜ்லா, ஃபுராத் ஆகிய இரு நதிகளால் வளம்பெற்ற தென் இராக்கை அரபிகள் ‘சவாது’ என்றனர். கரிய நிலம் என்பது பொருள். அங்கே மழை குளிர்காலத்தில்தான் உண்டு. கோடை முற்றிலும் வறண்டது. கோதுமையும் வாற்கோதுமையும் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, ஏப்ரல், மே மாதங்களில் முற்றும். நைல் நதியின் வெள்ளம் கோடையின் இறுதியில் வந்து, விதைப்புக்கு ஏற்ற வேளையில் வடிந்துவிடும். இராக்கின் நதிகளோ வடமலைகளின் பனி உருகுவதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே, அதாவது கதிர் முற்றி நிற்கும்போதே, பெருகும். கால்வாய்க் கரை உடைந்தால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு ஒரே இரவில் போய்விடும். எனவே தானியம் களத்துக்கு வந்து சேரும் வரை உழவனுக்கு நிம்மதி இல்லை. ஜூன் மாதத்திற்கு முன் அவனிடம் வரி கேட்பது, இல்லாததைக் கேட்பதேயாகும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஹிஜ்ரி ஆண்டு 354 நாட்களைக் கொண்டது. அதன் மாதங்கள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். (குகைவாசிகள் உறங்கிய 300 ஆண்டுகளுடன் ஒன்பதைக் கூட்டிச் சொல்லும் திருவசனத்துக்கு, சூரியக் கணக்கில் 300, சந்திரக் கணக்கில் 309 என விளக்கம் தந்த முஃபஸ்ஸிர்கள் உண்டு.) நோன்பும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களிலும் வருவது நமக்கு ரஹ்மத். ஆனால் உழவை அக்கணக்கில் நடத்த இயலாது. காவிரிக் கரையில் நிலம் வைத்துள்ள நம்மவர்களும் நோன்பைப் பிறை பார்த்து நோற்று, விதைப்பை ஆடி, ஆவணி பார்த்தே செய்கின்றனர்.

ஆகவே இராக்கில் கராஜ் வசூல், பாரசீகப் புத்தாண்டாகிய நவ்ரோஸை ஒட்டியே நடந்துவந்தது. இன்று மார்ச் மாதத்தில் வரும் நவ்ரோஸ், கடைசி ஸாஸானிய மன்னர் யஸ்தகிர்த் அரியணை ஏறிய 632ஆம் ஆண்டில் ஜூன் 16 அன்று வந்தது. அறுவடை முடிந்த வேளை அது, பொருத்தமாகவே இருந்தது. ஆனால் பாரசீக ஆண்டுக்கு நாட்கள் 365 மட்டுமே. மிஞ்சும் கால் நாளை ஈடுசெய்ய, பழங்காலத்தில் 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதம் சேர்த்ததாக அல்பீரூனி கூறுகிறார். அரசு வீழ்ந்தபின் அதைச் செய்வார் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் நவ்ரோஸ் முந்திக்கொண்டே வந்து, முதவக்கிலின் காலத்தில் ஏப்ரலை அடைந்துவிட்டது.

குடிமக்கள் இதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருந்தனர் என்று எண்ணிவிட வேண்டாம். உமைய்யா கலீஃபா ஹிஷாமின் காலத்திலேயே (724-743) திஹ்கான்கள் எனப்பட்ட நிலக்கிழார்கள், இராக் ஆளுநர் காலித் அல்கஸ்ரியிடம் சென்று நவ்ரோஸை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டினர். காலித் கலீஃபாவுக்கு எழுதினார். தவ்பா அத்தியாயத்தின் 37ஆம் வசனம் கண்டிக்கும் ‘நஸீ’ இதுவாகிவிடுமோ என்று அஞ்சுவதாக ஹிஷாம் தெரிவித்தார்.

நஸீ என்பது, போர் விலக்கப்பட்ட புனித மாதங்களை அறியாமைக் கால அரபிகள் தம் வசதிக்கேற்ப இடம் மாற்றிய வழக்கம். வரி கட்டும் நாள் வணக்கமும் அன்று, புனித மாதமும் அன்று. ஹிஷாமின் பேணுதலைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. எனினும் அப்பேணுதலால் கருவூலத்துக்கு எந்த இழப்பும் நேரவில்லை என்பதையும், பாடுபட்டவன் உழவனே என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை. பின்னர் ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா பர்மகீ இரண்டு மாதம் தள்ளிவைக்க எண்ணினார். மஜூஸிகளின் மதத்துக்குப் பரிந்து செய்கிறார் என்று எதிரிகள் தூற்றவே, அவரும் கைவிட்டார்.

முதவக்கில் துணிந்தார். வரியின் தொடக்கம் ஹஸீரான் (ஜூன்) 17 என்று கட்டளை எழுதப்பட்டது. கவிஞர் புஹ்துரீ அதனைப் புகழ்ந்து கவிதையும் பாடினார். ஆனால் 861இல் கலீஃபா கொலையுண்டார். வேலை பாதியில் நின்றது.

அதை முடித்தவர் கலீஃபா முஃததித். யஸ்தகிர்தின் முடிவுக்குப்பின் சென்ற ஆண்டுகளைக் கணக்கிட்டு, ஹிஜ்ரி 282இல் (895) நவ்ரோஸை அறுபது நாட்கள் தள்ளி ஜூன் 11இல் வைத்தார். மீண்டும் நழுவாதிருக்க, நான்காண்டுக்கு ஒரு நாள் கூட்டும் சுர்யானிக் கணக்கோடு அதைப் பிணைத்தார். ‘முஃததிதின் நவ்ரோஸ்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பாரசீகர்கள் தங்கள் பழைய நவ்ரோஸைத் தங்கள் கணக்குப்படியே கொண்டாடி வந்தனர்; கராஜ் ஆண்டு மட்டும், தானியம் களம் சேர்ந்தபின், ஜூனில் தொடங்கியது.