காற்றுக்கேற்ற விறகு

செந்தேரியும் பனங்காடும் கடலும் நெருங்கிக் கிடக்கும் மணப்பாட்டில், மணற்குன்றின் மேல் 1581ஆம் ஆண்டு எழுந்த திருச்சிலுவைக் கோவிலருகே நின்று கச்சான் காற்றை ஒருமுறை முகத்தில் வாங்கியவர்களுக்கு, இந்தக் கரையில் வெட்டவெளியில் உலை வைப்பது எத்தகைய வித்தை என்பது விளங்கும். 1544ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குமரிமுனைப் பாறைகளில் பசியோடு ஒதுங்கியிருந்த பரதவருக்கு உதவ இருபது தோணிகளோடு இவ்வூரிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் சவேரியார், எதிர்காற்றை வெல்ல மாட்டாமல் திரும்பியதைத் தம் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். தோணியையே திருப்பிவிடும் காற்று அடுப்பை என்ன பாடு படுத்தியிருக்கும்!

அந்தப் பரதவரின் முத்துக்குளிப்போ பிரயாணத் தொழில். பங்குனி, சித்திரையில் கடல் அமர்ந்திருக்கும் சில வாரங்களுக்காக, எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்த 1905ஆம் ஆண்டின் இலங்கை மரிச்சுக்கட்டியைப் போல, ஆளற்ற கரையில் ஓலைக் குடிசைகளாலான ஒரு பட்டணமே முளைத்து மறைந்து வந்தது. நள்ளிரவில் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்ற படகுகளைப் பிற்பகலில் வீடு சேர்த்த அதே கடற்காற்று, உலை வைக்கும் வேளையில் அடுப்புக்குச் சத்துருவாக நின்றது.

பனை கொடுத்த எரிபொருள்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. பன்னாடை பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். ஓலை கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து தீரும். மட்டை சற்று நின்று எரியும். ஆயினும் ஓலைக்கூரைகளுக்கிடையே பறக்கும் ஒரு பொறி போதும், ஒரு வரிசைக் குடிசைகளைச் சாம்பலாக்க. ஆகவே நெருக்கமான இடங்களுக்கும், இடமற்ற படகுகளுக்கும், உடைமரக் கரியும் சிரட்டைக் கரியுமே உகந்தவை என்பது என் அபிப்பிராயம். சுமக்க இலேசான குமுட்டியில் புகையின்றிக் கனன்று, காற்றடித்தால் அணைவதற்குப் பதில் இன்னும் சிவக்கும் குணம் கரிக்கே உரியது. அடைத்த அறையில் மட்டும் அதன் விஷவாயு உயிருக்கு ஆபத்து.

பின்பு மண்ணெண்ணெய் வந்தது. சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892இல் உருவாக்கிய திரியில்லாத பிரைமஸ் அடுப்பு, 1911இல் அமுண்ட்சென்னோடு தென்துருவத்தை எட்டியது. நம் ஊர்களில் பம்ப் ஸ்டவ் என்று பெயர் பெற்றது. ஸ்பிரிட்டால் முதலில் தலையைச் சூடாக்கி, பின் காற்றடித்தால் எண்ணெய் ஆவியாகி நீலச்சுவாலையாகச் சீறும். சூடேறுமுன் அவசரப்பட்டால் மஞ்சள் தீ ஆளுயரம் எழும். தூசி படிந்த எண்ணெயானால் நுண்துளை அடைத்து, ஊசியைத் தேட வேண்டும். பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவி விட்டுத் தூரத்து நெருப்பையும் இழுத்துக்கொள்ளுமாதலால் மரக்கலத்துக்கு ஆகாது. மண்ணெண்ணெய் அவ்வளவு துடிப்பில்லாதது. அரிக்கேன் விளக்குக்கு வாங்கிய டின்னே அடுப்புக்கும் உதவுமென்ற சௌகரியமும் அதற்கு உண்டு.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புகளுக்குப் பின் அந்த ஓலைப் பட்டணங்கள் எழவில்லை. ஆனால் பலகை கருகாதிருக்க அடுப்பின் கீழ் மணல் பரப்பும் பழைய படகு வழக்கம், எண்ணெய் அடுப்புக்கு இன்னும் அவசியமாகிவிட்டது: சிந்திப் பற்றிய எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும், மணலைப் போட்டால் அணையும்.