பூனை நீரிழிவுத் தணிவு

இன்சுலின் ஊசி இல்லாமலே பூனையின் ரத்தச் சர்க்கரை குறைந்தது 4 வாரம் இயல்பாக நீடிக்கும் நிலை. நாய்களில் அரிது. தணிவு நெருங்கும்போது பழைய அளவு ஊசியே சர்க்கரையை மிகவும் தாழ்த்தி வலிப்பு வரவழைக்கலாம். மருத்துவர் சொற்படி அளவைக் குறைக்க வேண்டும். மருத்துவமனைப் பதற்றத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்ப்பதே மேல். மனிதருக்கான கருவி பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஃபிரக்டோசமைன் பரிசோதனை முந்தைய 1 முதல் 3 வாரப் போக்கைச் சொல்லும். பாசத்தில் வைக்கும் பால்சோறும் பால்கோவாவும் பூனைக்கு ஆகாதவை. ஸ்டீராய்டு மருந்தாலும் உடல் பருமனாலும் நோய் திரும்பலாம்; தணிந்த பிறகும் சோதனையை நிறுத்தக் கூடாது.