சாகப்போற எடம் நல்ல எடமான்னு எப்படிப் பாக்கறது? – ஒரு சின்ன வரலாறு

கொடிவேரிக்குப் போன கதை, பாரியூர் குண்டம், பழைய பாட்டுன்னு எழுதிட்டிருந்தவன் திடீர்னு சாவைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு பயந்துக்காதீங்க மக்களே. இது ஒரு வரலாற்றுப் பதிவுதான். கொஞ்சம் நீளம். காப்பித்தண்ணி ஒரு டம்ளர் வெச்சுக்கிட்டு உக்காருங்க.

காரணம் இதுதான். சொந்தத்துல ஒரு அண்ணன். அவங்கம்மாவுக்கு, எனக்குப் பெரியம்மா முறை, வாயில புத்து. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கரண்ட்டு வெச்சு, ஊசி போட்டு, எல்லாம் முடிஞ்சு, "இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க"ன்னுட்டாங்க. வலிக்கு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலை. அன்னூர், புளியம்பட்டி, சத்தி வழியா கோபி வந்து சேர்ற வரைக்கும் அந்தம்மா கார்ல முனகிட்டே வந்திருக்காங்க. அண்ணன் எனக்கு போன் போட்டு, "ஏந்தம்பி, இந்த மாதிரி கடைசி நேரத்துல பாத்துக்கற எடம் இருக்குதாமே, ஹாஸ்பீஸோ என்னமோ. எதாச்சும் இருந்தா பாத்துச் சொல்லு. ஆனா நல்ல எடமா இருக்கோணும்"னார்.

அந்த "நல்ல எடம்"ங்கற வார்த்தைதான் என்னைத் தேட வெச்சுது. ஓட்டல்ல சாப்பாடு நல்லா இல்லைன்னா அடுத்த தடவை போகமாட்டோம், நாலு பேர்கிட்ட சொல்லுவோம். ஹாஸ்பீஸுக்கு அடுத்த தடவையே கிடையாது. வாங்கிக்கிட்டவர் திரும்பி வந்து குறை சொல்லவும் மாட்டார். அப்போ அது நல்லதா கெட்டதான்னு யார் எப்படிச் சொல்றது? தேடிப் பாத்தா, இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்குதுங்க.

முதல்ல நம்ம ஊர்ப் பழக்கம். வழிப்போக்கனுக்குச் சத்திரம் கட்டி வெச்ச ஊருங்க இது. ஹாஸ்பீஸ்ங்கற வார்த்தையும் சத்திரத்துக்குப் பங்காளிதான். யாத்திரை போறவங்க தங்கிப்போற எடம்னுதான் ஐரோப்பாவுல அதுக்கு ஆதி அர்த்தம். காசியில முக்தி பவன்னு ஒண்ணு 1958ல இருந்து நடக்குது. சாகறதுக்குன்னே போயித் தங்கற வீடு. ரெண்டு வாரம் வரைக்கும் தங்கலாம். அங்க வைத்தியமெல்லாம் கிடையாது. காசியில உசிரு போச்சா, அவ்வளவுதான், அந்த எடம் ஜெயிச்சிருச்சு. ஆக, எதுக்காகப் போறோம்ங்கறதைப் பொறுத்துத்தான் "நல்ல எடம்"ங்கறதோட அளவுகோலும் மாறுது.

இப்போ நாம சொல்ற நவீன ஹாஸ்பீஸுக்கு ஆரம்பம் லண்டன். சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா (1918–2005). முதல்ல நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரி சமூக சேவகி, அதுக்கும் அப்புறம் முப்பது வயசுக்கு மேல படிச்சு டாக்டர். போலந்துல இருந்து வந்த டேவிட் டாஸ்மாங்கற யூத அகதி ஒருத்தர் 1948ல புத்துநோய்ல சாகறப்போ, நீங்க கட்டப்போற வீட்டுல நான் ஒரு சன்னலா இருக்கேன்னு சொல்லி 500 பவுண்டு எழுதி வெச்சுட்டுப் போனார். அந்த வீடு எழும்ப 19 வருஷம் ஆச்சு. 1967ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பீஸ் தொறந்தாங்க.

அந்தம்மா பண்ணின பெரிய காரியம் கட்டடம் இல்லைங்க. மார்ஃபினை வலி வந்து கத்தினப்புறம் குடுக்கறதில்லை, வலி வர்றதுக்கு முன்னாடியே மணிக்கணக்குப் பாத்து வாய்வழியாக் குடுக்கறது. இதை அவங்க செயின்ட் லூக்ஸ்ங்கற எடத்துல கவனிச்சாங்க. 1958ல இருந்து செயின்ட் ஜோசப்ஸ்ல அதையே செஞ்சு, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன குடுத்தோம், என்ன ஆச்சுன்னு குறிப்பு எழுதி வெச்சாங்க. அந்தக் குறிப்புதான் முக்கியம். அன்பு, கருணை இதையெல்லாம் எழுதிவெச்சு அளக்க முடியாது. வலியை அளக்கலாம். உடம்பு வலியோட மனசு, குடும்பம், காசு, சாமி எல்லாம் சேர்ந்ததுதான் "மொத்த வலி"ன்னு சொன்னதும் அவங்கதான்.

இந்த இடத்துல நம்ம நாட்டுக்கு வருவோம். கொஞ்சம் சிக்கலான விஷயம், பொறுமையாப் படிங்க.

கல்கத்தா காளிகாட்ல அன்னை தெரசா 1952ல நிர்மல் ஹிருதய் ஆரம்பிச்சாங்க. காளி கோயிலுக்குப் பக்கத்துல யாத்ரீகர்கள் தங்கற கட்டடமா இருந்ததுதான் அது (பாருங்க, மறுபடியும் சத்திரம்!). தெருவுல கிடந்து செத்துட்டிருந்தவங்களைத் தூக்கிட்டு வந்து கழுவித் தொடைச்சுப் படுக்க வெச்சாங்க. உலகமே கையெடுத்துக் கும்பிட்டுது. 1994ல ராபின் ஃபாக்ஸ்ங்கறவர், லான்செட் மருத்துவப் பத்திரிகையோட ஆசிரியர், அங்க போய்ப் பாத்துட்டு ஒரு கட்டுரை எழுதினார். சுத்தமா இருக்கு, அன்பா பாத்துக்கறாங்கன்னு பாராட்டிட்டு, நோயைக் கண்டுபிடிக்கற முறை ஒழுங்கா இல்லை, கடுமையான வலிக்குக் குடுக்கற மருந்து இல்லைன்னு எழுதினார். அப்படி இருந்தா இதை ஹாஸ்பீஸ்னு சொல்லலாமாங்கறதுதான் கேள்வி.

நம்மாளுங்க பல பேர் இந்தக் கதையை இத்தோட நிறுத்திருவாங்க. தெரசா பிடிக்காதவங்களுக்கு அது போதும். பிடிச்சவங்க வெள்ளைக்காரன் திமிருன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. ஆனா அதே பத்திரிகையில பதில் ஒண்ணு வந்துது. எழுதின மூணு பேர்ல ஜில்லி பர்ன்ங்கற நர்ஸும் ஒருத்தர், இந்தியாவுல புத்துநோய் வலிக்காகவே வேலை பாத்தவங்க. அவங்க சொன்னதோட சாரம்: இது அந்த ஒரு வீட்டோட குறை இல்லை. இந்தியாவுல எங்க போனாலும் இதே கதைதான். டாக்டருக்கும் நர்ஸுக்கும் வலி வைத்தியத்துல படிப்பு இல்லை, மருந்து கம்மி, சட்டம் கைய கட்டிப் போட்டிருக்குது.

எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னுதான் படுது. அன்பு இருந்தா மட்டும் பத்தாதுன்னு ஃபாக்ஸ் சொன்னது சரி. ஒரு எடத்தைக் குத்தம் சொல்றப்போ நாட்டோட நிலைமையையும் சேர்த்துப் பாருங்கன்னு அவங்க சொன்னதும் சரி.

அந்தச் சட்டம் என்னன்னா, 1985ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கணக்குல தப்பு வந்தா பத்து வருஷம் உள்ள போகணும்ங்கற பயம். மார்ஃபின் வாங்கி வெக்கறதுக்குப் பல மாநிலத்துல நாலஞ்சு லைசென்சு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆபீசுல. ஒண்ணு வந்து சேர்றதுக்குள்ள இன்னொண்ணு காலாவதி ஆயிரும். மருந்துக்கடைக்காரங்க, ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் சனியன் எதுக்குன்னு விட்டுட்டாங்க. 1997க்குள்ள நாட்டுல மார்ஃபின் உபயோகம் சுமார் 97 சதவீதம் விழுந்து, வருஷத்துக்கு 18 கிலோன்னு ஆயிப்போச்சு. இத்தனை கோடி ஜனத்துக்கு 18 கிலோ! இதுல கொடுமை என்னன்னா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசாங்கமே அபினி வெளைய வெச்சு வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணிட்டிருந்துது. நம்ம வெள்ளாமையில ஊரான் வலி தீருது, நம்ம பெரியம்மா முனகறாங்க. 2014ல சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க ஒரே மாதிரி விதி, ஒரே லைசென்சுன்னு கொண்டு வந்தாங்க. காயிதத்துல மாறிருச்சு, பழைய பயம் இன்னும் போகலை.

இதுக்கு நடுவுலயும் சில பேர் கிளம்பினாங்க. 1986ல பம்பாய் பாந்த்ராவுல டாக்டர் டிசோசா ஆரம்பிச்ச சாந்தி அவேதனா ஆசிரமம்தான் இந்தியாவோட முதல் நவீன ஹாஸ்பீஸ்னு சொல்றாங்க. 1990கள்ல சென்னையில ஜீவோதயா, டெல்லியில கேன்சப்போர்ட், பெங்களூர்ல கருணாஸ்ரயா. 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம்தான் பின்னாடி கேரளா முழுக்க வேர் விட்டுது. நமக்கு ஒண்ணும் தூரமில்லைங்க. ஊட்டி, கூடலூர் தாண்டி நாடுகாணி இறங்கினா மலப்புறம் மாவட்டம். அங்க கடைக்காரர், ஆட்டோக்காரர், வாத்தியார்னு சாதாரண ஆளுங்க பயிற்சி எடுத்துட்டு, வாரத்துல ரெண்டு மணி நேரம் பக்கத்து வீட்டு நோயாளியைப் போய்ப் பாத்தாங்க. கட்டடமே இல்லாத ஹாஸ்பீஸ். 2008ல கேரள அரசாங்கம் இதுக்குன்னு ஒரு கொள்கையே போட்டுது.

2010ல எகனாமிஸ்ட் குழுமத்தோட ஆய்வுப் பிரிவு "சாவின் தரம்"னு 40 நாடுகளைப் பட்டியல் போட்டுது. முதல் எடம் பிரிட்டன். நாம 40வது. அதாவது கடைசி. அதே அறிக்கையில கேரளாவை மட்டும் தனியாப் பாராட்டியிருந்தாங்க. 2015ல 80 நாட்டுல 67வது. நாட்டுக்கு மார்க் போட்டாச்சு. ஆனா எங்கண்ணனுக்கு அதால என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது ஒரு எடத்துக்கு மார்க்.

அந்த வேலையும் நடந்திருக்குது. ராஜகோபால் 2003ல திருவனந்தபுரத்துல ஆரம்பிச்ச பாலியம் இந்தியா, 2006ல ஒரு குழு போட்டு, நம்ம நாட்டு வசதிக்கு ஏத்த மாதிரி ஒரு தர அளவுகோல் எழுதுச்சு. கட்டாயம் இருக்க வேண்டியது 8, இருந்தா நல்லதுங்கறது 22. நாடு முழுக்க 86 எடத்துக்கு அனுப்பி, நீங்களே உங்களுக்கு மார்க் போட்டுக்கோங்கன்னாங்க. 49 எடத்துல இருந்து பதில் வந்துது. பெரும்பாலும் கட்டாயமான விஷயங்கள் எங்ககிட்ட இருக்குன்னே சொன்னாங்க. 2014ல இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க. தனக்குத்தானே மார்க் போட்டா யாருதான் ஃபெயில் ஆவாங்கன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். அதைவிட, பதிலே போடாத 37 எடத்துல என்ன நடந்துதோங்கறதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆனாலும் எதைக் கேக்கணும்னு முதல்தடவையா எழுதி வெச்சாங்களே, அது பெரிய விஷயம்.

அமெரிக்காவுல வேற வழி. அங்க 1983ல இருந்து வயசானவங்களுக்கான மெடிகேர் காப்பீட்டுல ஹாஸ்பீஸுக்குப் பணம் குடுக்கறாங்க. பணம் வந்ததும் லாபத்துக்கு நடத்தறவங்களும் வந்துட்டாங்க. அதனால 2015ல இருந்து, ஆள் செத்து சில மாசம் கழிச்சுக் குடும்பத்துக்கு ஒரு கேள்வித்தாள் போகுது. ராத்திரியில, லீவு நாள்ல கூப்பிட்டப்போ வந்தாங்களா? வலிக்கு உதவி கெடைச்சுதா? மரியாதையா நடத்தினாங்களா? இன்னொருத்தருக்கு இந்த எடத்தைச் சொல்லுவீங்களா? வர்ற பதிலைக் கூட்டி எல்லாரும் பாக்கற மாதிரி இணையத்துல போட்டுர்றாங்க. செத்தவர் பேச முடியாது, அதனால பக்கத்துல இருந்தவரைப் பேச வெக்கறது. நல்ல யோசனைதானுங்களே?

நம்ம தமிழ்நாட்டுல எப்படி? 2018 பிப்ரவரியில காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்துல நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு ஹாஸ்பீஸோட வண்டியில காய்கறி மூட்டையோட ஒரு பிணமும், உசிரோட இருந்த வயசானவங்களும் போனதை ஊர்க்காரங்க மறிச்சாங்க. டிவி பூரா அதுதான். எலும்பு வியாபாரம்னுகூடப் பேச்சு கெளம்புச்சு. நிர்வாகம் எல்லாத்தையும் மறுத்துது. அதிகாரிங்க போய்ப் பாத்து, அங்க இருந்தவங்களை வேற வேற இல்லங்களுக்கு மாத்தினாங்க, விவகாரம் ஹைகோர்ட்டு வரைக்கும் போச்சு. யார் சரி யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த வண்டி மாட்டற வரைக்கும் அங்க இருக்கறவங்களுக்கு வலி எவ்வளவு, மருந்து என்னன்னு யாராவது கேட்டாங்களா? மாட்டினப்புறமும் எலும்பைப் பத்திப் பேசின அளவுக்கு மார்ஃபினைப் பத்திப் பேசினோமா? நம்ம ஊர்ல ஹாஸ்பீஸை அளக்கறது ரெண்டே விதம். ஒண்ணு, தெய்வமே குடியிருக்குதுன்னு கும்பிடறது. இல்லைன்னா, வதந்தி வந்ததும் கல்லெடுக்கறது. நடுவுல நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துப் பாக்கற பழக்கம் இல்லை.

2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை குடுக்கறதும் சேர்த்தி. நல்ல ஆரம்பம். எத்தனை லட்சம் பேரைப் பாத்தோம்ங்கற கணக்கோட, எத்தனை பேருக்கு வலி குறைஞ்சுதுங்கற கணக்கும் வந்தா இன்னும் சந்தோஷம்.

இத்தனையும் படிச்சப்புறம், அண்ணனுக்கு நான் எழுதிக் குடுத்த கேள்விகள் இதுதான். உங்களுக்கும் ஒருநாள் உதவும் (உதவ வேண்டாம்னு வேண்டிக்கறேன்):

1. வாய்வழி மார்ஃபின் இருப்புல இருக்குதா? "தேவைப்பட்டா ஏற்பாடு பண்ணலாம்"னு சொன்னா, இல்லைன்னு அர்த்தம்.

2. வலியைக் கேட்டு எழுதறாங்களா? பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் எவ்வளவுன்னு கேக்கற முறை ஒண்ணு இருக்குது. காசே செலவில்லை. பேனாவும் நோட்டும் போதும்.

3. டாக்டரும் நர்ஸும் இதுக்குன்னு தனியாப் பயிற்சி எடுத்தவங்களா?

4. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யார் வருவாங்க? பேரு, போன் நம்பரோட சொல்றாங்களா?

5. வீட்டுக்கு வந்து பாப்பாங்களா? கோபி பக்கம் எந்த அம்மாயியும் சொந்தக் கட்டலை விட்டுட்டுப் போகச் சம்மதிக்க மாட்டாங்க.

6. சொந்தக்காரங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாமா? பூட்டுப் போட்ட கதவு இருந்தா யோசிங்க.

7. செத்தவங்க கணக்கு, லைசென்சு எல்லாம் கேட்டா காட்டறாங்களா?

சுவத்துல மாட்டியிருக்கற சாமி படம், பளபளக்கற டைல்ஸ், வாசல்ல இருக்கற தோட்டம் இதெல்லாம் கடைசியாப் பாத்தாப் போதும்.

இன்னொண்ணும் சொல்லோணும். "பெத்த தாயைக் கொண்டுபோயி எங்கியோ விட்டுட்டான்னு நாலு பேரு பேசுவாங்களே"ங்கற பயம் நம்ம கொங்குப் பக்கம் ரொம்ப அதிகம். அந்த நாலு பேரு ராத்திரியில முனகல் சத்தம் கேட்டு முழிச்சிட்டு இருக்கப் போறதில்லைங்க. வீடா, வெளியவாங்கறது ரெண்டாவது கேள்வி. வலி தீருதாங்கறதுதான் முதல் கேள்வி. பெரியம்மா விஷயத்துல கடைசியா வீட்டுலயேதான் வெச்சிருந்தாங்க. மூணாவது கேள்விக்கும் நாலாவது கேள்விக்கும் சரியாப் பதில் சொன்ன ஒரு நர்ஸம்மா வாரம் ரெண்டு தடவை வந்தாங்க, டாக்டர் எழுதின மார்ஃபின் மாத்திரையைக் கடிகாரம் பாத்துக் குடுக்க அண்ணிக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கடைசி மூணு வாரம் அந்தம்மா தூங்கினாங்க, கரைச்ச ராகிக்கூழ் ரெண்டு வாய் குடிச்சாங்க, பேரனைத் திட்டினாங்க. அது போதும்.

உங்க ஊர்ல இந்த மாதிரி எடமோ, வீட்டுக்கு வர்ற குழுவோ இருந்தா, மேல சொன்ன ஏழு கேள்வியைக் கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க. கோபி, சத்தி, பவானி, ஈரோடு பக்கம் இருக்கறவங்க கட்டாயம் எழுதுங்க. நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பயப்படறதுக்குப் பதிலா, நாலு பேருக்கு உபயோகமா நாம சொல்லுவோமே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. மருந்து விஷயத்துல பதிவைப் படிச்சுட்டு எதுவும் செய்யாதீங்க, பயிற்சி பெற்ற டாக்டரைப் பாருங்க. அடுத்த பதிவு கண்டிப்பா பாரியூர் குண்டம்தான் :-)