ஜொம்தியன்–பட்டாயா: தன்பாலீர்ப்பு ஆண்களின் விடுமுறைக் கடற்கரை

தாய்லாந்து வளைகுடாவின் கிழக்குக் கரையில், சோன்புரி மாகாணத்தில் அமைந்த நகரம் பட்டாயா. அதன் தென்புறத்தில் ஒட்டிக் கிடக்கும் கடற்கரை ஜொம்தியன். பாங்காக்கிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 150 கி.மீ.; சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் விடுமுறைக்கு நாடிச் செல்லும் ஆசியக் கடற்கரைகளில் இது பழையதும் பெரியதுமான ஒன்று. புக்கெட் தீவின் பாத்தோங்கில் பாரடைஸ் காம்ப்ளெக்ஸ் என்ற வட்டாரமும், பாங்காக்கில் சீலோம் சாலையின் 2, 4ஆம் சந்துகளும் இதே போலப் பெயர் பெற்றவை. ஆனாலும் கடற்கரை, தங்குமிடம், மதுக்கூடம் மூன்றும் நடந்து போகும் தொலைவில் அமைந்திருப்பதால் முதன்முறை வருபவருக்கு ஜொம்தியனே எளிது.

வளர்ந்த கதை

1950களின் இறுதிவரை பட்டாயா ஒரு மீன்பிடிக் கிராமம். 1959இல் கோராட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் விடுப்பில் இங்கு வந்து வீடுகளை வாடகைக்கு எடுத்ததிலிருந்து ஊரின் கதையைத் தொடங்குவது வழக்கம். வியட்நாம் போர்க்காலத்தில் வீரர்களின் ஓய்வுத் தலமாக அது பருத்தது. போர் முடிந்த பிறகு சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தை நிரப்பினர். 1978இல் தனி நிர்வாகம் கொண்ட நகரமானது.

படைவீரர்களுக்காக உருவான மதுக்கூட வணிகத்தின் கணக்குவழக்கையே பின்னாளில் ஆண்களுக்கான மதுக்கூடங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. இன்றும் புதிதாக வருபவரைக் குழப்பும் பல வழக்கங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1980களில் தென் பட்டாயாவின் பட்டாயாலாந்து சந்துகளில் 'பாய்ஸ்டவுன்' என்ற ஆண்களுக்கான மதுக்கூட வட்டாரம் உருவானது. பிறகு சூனி பிளாசா என்ற இன்னொரு வட்டாரம் எழுந்து, மங்கியது. அண்மை ஆண்டுகளில் கூட்டம் தெற்கே நகர்ந்து, ஜொம்தியன் காம்ப்ளெக்ஸ் எனப்படும் சந்துக் கூட்டத்தில் மையம் கொண்டிருக்கிறது. பழைய வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு சூனி பிளாசாவைத் தேடிப் போகிறவர் பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்ப நேரிடும்.

திருநங்கையரின் மேடைக் கலை இந்த நகரின் இன்னொரு முகம். டிஃபனீஸ் ஷோ 1974 முதலும், அல்கசார் 1981 முதலும் நடக்கின்றன. குடும்பம் குடும்பமாகப் பேருந்தில் வந்து பார்க்கும் நிகழ்ச்சிகள் இவை. 2004இல் தொடங்கிய மிஸ் இன்டர்நேஷனல் குயின் என்னும் பன்னாட்டுத் திருநங்கை அழகிப் போட்டியும் பட்டாயாவுக்கு உரியது.

சட்டம்

ஆண்களுக்கிடையிலான உறவு தாய்லாந்தில் குற்றமல்ல. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பிரிவை, 1956இல் இயற்றி 1957இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் கைவிட்டது. இந்தியாவில் 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 அன்றுதான் தளர்ந்தது. மலேசியாவிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் கால விதிகள் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த நாடுகளிலிருந்து வரும் தமிழர் ஒருவர் இங்கு முதலில் உணர்வது, ஓட்டல் வரவேற்பு மேசையில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் கேட்டால் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதைத்தான்.

திருமணச் சமத்துவ மசோதா 2024 மார்ச்சில் கீழவையிலும் ஜூன் 18 அன்று மேலவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்த முதல் நாளிலேயே 1,800க்கும் மேற்பட்ட இணையர் பதிவு செய்துகொண்டனர். தென்கிழக்கு ஆசியாவில் இதுவே முதல் நாடு. ஆசியாவில் தைவான், நேபாளத்துக்கு அடுத்தது. வெளிநாட்டவரும் உரிய ஆவணங்களோடு மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அந்தச் சான்றிதழை இந்திய அரசு ஏற்காது. திருநங்கையர் ஆவணங்களில் பாலினத்தை மாற்றிக்கொள்ளத் தாய்லாந்தில் தனிச் சட்டம் இல்லாதது, மேடையில் அவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய குறை.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருப்பதால் எல்லாவற்றிலும் தாராளம் என்று நினைத்துவிடுவதே முதற்பயணியின் பெரிய தடுமாற்றம். பாலியல் தொழில், கண்ணெதிரே நடந்தாலும், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 18 வயது நிறையாதவரைப் பணம் கொடுத்து நாடினால் நாடியவருக்குச் சிறை. வயது தெரியாது என்ற சாக்கை நம்பி இருக்கக் கூடாது. சந்தேகம் வந்த கணத்திலேயே விலகுவதைத் தவிர வேறு வழியில்லை.

எப்போது, எங்கே தங்குவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்து, வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். அறை வாடகையும் அப்போதுதான் உச்சம். பட்டாயாவில் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி பறக்கும் கரையில் இறங்கி உயிரிழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சமுய் தீவில் மழை இன்னும் தள்ளி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் 13இல் தொடங்கும் சோங்கிரான் தண்ணீர்த் திருவிழாவை மற்ற ஊர்கள் மூன்று நாளில் முடித்துக்கொள்ள, பட்டாயா 19 வரை இழுக்கும். அந்த வாரத்தில் அமைதியான முதல் விடுமுறையை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

சுவர்ணபூமியிலிருந்து வரும் பேருந்து ஜொம்தியனின் தப்பிரயா சாலையில் முடிகிறது. காம்ப்ளெக்ஸ் அங்கிருந்து பக்கம்தான். அதன் சுற்றுப்புறத்திலோ, ஜொம்தியனுக்கும் பட்டாயாவுக்கும் இடையிலான பிரதம்னாக் குன்றிலோ அறை எடுப்பது நல்லது. நகரின் நடுவே வாக்கிங் ஸ்ட்ரீட் பக்கம் எடுத்தால் இரவு முழுவதும் இரைச்சல். அந்தத் தெரு பெரும்பாலும் பெண்களை நாடும் ஆண்களுக்கானது.

அறை பதிவு செய்யும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இரவில் விருந்தினரை அழைத்து வந்தால் 'ஜாய்னர் ஃபீ' உண்டா என்று. சில ஓட்டல்கள் தனிக் கட்டணம் வாங்கும், சிலவற்றில் அனுமதியே கிடையாது, ஆண்களுக்கென்றே நடக்கும் விடுதிகளில் இது ஒரு பொருட்டே அல்ல. வருகிறவரின் அடையாள அட்டையை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது அவமதிப்பு என்று சண்டை போடுகிறவர்களைப் பார்க்கலாம். உண்மையில் அறைக்காரரின் பணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதைவிட மலிவான காவல் கிடையாது.

நகருக்குள் போக்குவரத்து சோங்தேவ் எனப்படும், இரண்டு வரிசை இருக்கை போட்ட திறந்த பிக்கப் வண்டிகளில். கை காட்டி ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் மணியை அழுத்தி, இறங்கிய பின் ஓட்டுநரிடம் சில்லறையை நீட்டிவிட்டுப் போக வேண்டும். ஏறுவதற்கு முன் விலை கேட்டால், அது வாடகை வண்டி ஆகிவிடும். பத்து பதினைந்து பாட் கொடுக்க வேண்டிய இடத்தில் நூறு, இருநூறு போகும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கு 2023 நவம்பரில் வந்தது. அதன் கால அளவு இடையிடையே மாற்றப்படுவதால் டிக்கெட் எடுக்கும்போது தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுடையது அல்ல.

டோங்தான் கடற்கரை

ஜொம்தியனின் வடமுனைப் பகுதிக்கு டோங்தான் என்று பெயர். மரநிழலிலும் குடைகளின் கீழும் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்க, அதில் ஒரு பகுதி பல ஆண்டுகளாகத் தன்பாலீர்ப்பு ஆண்களின் இடமாக இருந்துவருகிறது. நாற்காலிக்குச் சிறு வாடகை. சாப்பாடும் குடியும் இருக்கும் இடத்துக்கே வரும். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் மாலைக்குள் நாலு பேர் அறிமுகமாகிவிடுவார்கள். தனியாக வந்து, மதுக்கூடத்துக்குள் நுழையக் கூச்சப்படும் ஒருவர் முதல் நாளை இங்கே கழிப்பதே உத்தமம்.

கடல் நீர் இங்கு அத்தனை தெளிவில்லை. தெளிந்த நீர் வேண்டுமென்றால் பாலி ஹாய் துறையிலிருந்து படகேறிக் கோ லான் தீவுக்குப் போக வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஆடையின்றிக் குளிப்பது எந்தக் கடற்கரையிலும் சட்ட விரோதம். நாட்டின் பல கடற்கரைகளில் புகைப்பதற்கும் தடை உண்டு.

மதுக்கூடங்கள்

இவை ஒரே வகை அல்ல. ஜொம்தியன் காம்ப்ளெக்ஸில் உள்ள பல, தெருவைப் பார்த்துத் திறந்த சாதாரண பார்கள். ஒரு பீர் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பாய்ஸ்டவுன் பாணிக் கூடங்கள் வேறு. அங்கே இளைஞர்கள் எண் வில்லை அணிந்து மேடையில் நிற்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும் முதல் குடியின் விலையிலேயே அது சேர்ந்திருக்கும். 'கேப்டன்' எனப்படும் மேற்பார்வையாளர் வந்து யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்பார். அழைத்தால் அந்த இளைஞர் அருகில் வந்து அமர்வார். அவருக்கும் ஒரு குடி வாங்கித் தர வேண்டும், அதில் ஒரு பங்கு அவருக்குப் போகும். வெளியே அழைத்துச் செல்வதானால் கூடத்துக்கு 'ஆஃப்' என்ற கட்டணம். அது முதலாளியின் பணம். உடன் வருகிறவருக்கு உரியது தனி. அந்த இரண்டாவது தொகையை அவரிடமே வெளிப்படையாகப் பேசாமல் கிளம்புவதால்தான் விடியற்காலைச் சண்டைகள் முளைக்கின்றன. ரசீதை ஒவ்வொரு குடிக்கும் பார்த்து வைப்பது நல்லது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பது முன்பே சொன்னது. ஊர் இதில்தான் பிழைக்கிறது என்பதும் உண்மை.

எண் வில்லை அணிந்தவர்களில் பலர் வடகிழக்கே இசான் மாகாணங்களின் நெல் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. எல்லாரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் என்று எண்ண வேண்டாம். ஊரில் மனைவி, குழந்தை இருப்பவர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வேலை. சிரிப்பும் கனிவும் பொய் என்று பொருளல்ல. ஆனால் மூன்றாம் நாள் இரவு காதல் என்று முடிவு கட்டி, வீட்டு முகவரியும் மாதாமாதம் பணமும் தருவதாக வாக்களிப்பவர் இரண்டு பேரையும் இக்கட்டில் தள்ளுகிறார். 'ஊரில் எருமைக்கு நோய்' என்று சொல்லிப் பணம் கேட்பார்கள் என்பது வெளிநாட்டவர் வட்டத்தில் பழகிப்போன கிண்டல். ஊருக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரைக் கேலி செய்யும் அந்த நகைச்சுவை இக்கட்டுரையாளருக்கு ருசிக்கவில்லை.

பணப் பரிமாற்றமே வேண்டாம் என்பவருக்கு நகரில் சானாக்களும் கரவோக்கிக் கூடங்களும் உள்ளன. கிரைண்டர், ஹார்னெட் போன்ற செயலிகளும் இருக்கின்றன. செயலியில் பேசுகிறவரை முதலில் காபிக் கடையில் சந்திப்பது, பெட்டகத்தில் பணத்தை வைப்பது, திறந்துவைத்த கிளாஸை விட்டு நகர்ந்தால் அதை மீண்டும் குடிக்காமல் இருப்பது ஆகியவை எல்லா ஊருக்கும் பொதுவான பாதுகாப்பு. 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்ஃபெட்டமைனைக் கொண்டு வருகிறேன் என்பவரோடு உரையாடலை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். தாய்லாந்துச் சிறை தாராளமானது அல்ல.

உடல்நலம்

எய்ட்ஸை வெளிப்படையாகப் பேசி எதிர்கொண்ட நாடு இது. 1990களின் தொடக்கத்தில் ஆணுறைப் பரப்புரையை முன்னின்று நடத்திய மேச்சாய் வீரவைத்யாவின் பெயராலேயே மக்கள் ஆணுறையை 'மேச்சாய்' என்று அழைத்தார்கள். அவர் தொடங்கிய அமைப்பின் விடுதி ஒன்று பட்டாயாவிலும் உண்டு. ஆணுறை எந்த இருபத்துநாலு மணி நேரக் கடையிலும் கிடைக்கும்.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பிரெப் மாத்திரையைப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் பேசித் தொடங்கலாம். தினமும் ஒன்று என்பது ஒரு முறை. ஆண்களுக்கு, உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு, பிறகு அடுத்தடுத்த இரு நாட்களில் ஒவ்வொன்று என்ற முறையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஏதேனும் தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் பெப் எனப்படும் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். விடுமுறை முடிந்து ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளினால் பலன் போய்விடும். பாலியல் தொழிலாளர்களுக்காக இயங்கும் ஸ்விங் அமைப்பு பட்டாயாவில் பரிசோதனைச் சேவை நடத்துகிறது. பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர் கேட்காத மருத்துவமனை 1991 முதல் இயங்குகிறது. ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகளைப் பல வாரம் முன்பே போட்டுக்கொள்வது நலம். பிரெப் மாத்திரை சிஃபிலிஸையோ கொனோரியாவையோ தடுக்காது.

நடத்தை

கைகோத்து நடப்பதை யாரும் தடுப்பதில்லை. முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது ஆகியவற்றைப் பொது இடத்தில் ஆண்–பெண் இணையரிடமும் தாய்லாந்து மக்கள் விரும்புவதில்லை. குரல் உயர்த்திச் சண்டையிடுபவர் அங்கே மரியாதை இழந்துவிடுகிறார். கணக்கில் ஐம்பது பாட் தவறு என்றாலும் சிரித்துக்கொண்டே கேட்பவருக்குத்தான் திரும்பக் கிடைக்கும். ஆண்கள் பேச்சின் முடிவில் 'கிரப்' என்று சேர்ப்பது பணிவு. தலையைத் தொடக் கூடாது, காலால் எதையும் சுட்டக் கூடாது. இவை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னர் குடும்பம் பற்றி வேடிக்கையாகக்கூடப் பேச வேண்டாம்: 112ஆம் பிரிவின்படி 3 முதல் 15 ஆண்டு சிறை.

கவனிக்க வேண்டியவை

மின் சிகரெட்டைப் பெட்டியில் எடுத்துச் செல்லவே கூடாது. அதன் இறக்குமதிக்கு 2014 முதல் தடை. கஞ்சா 2022இல் தளர்த்தப்பட்டு, 2025 ஜூனில் மீண்டும் மருத்துவச் சீட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. திரும்பும் விமானத்தில் அதன் துளி இருந்தாலும் சொந்த நாட்டில் வழக்கு. ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது 'கீறல் விழுந்துவிட்டது' என்று பெருந்தொகை கேட்பது பட்டாயாவிலும் புக்கெட்டிலும் பேர்போன ஏமாற்று. எடுக்கும் முன் நாலு பக்கமும் படம் பிடிக்க வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிணையாகத் தரக் கூடாது. தகராறுக்குச் சுற்றுலாக் காவல் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669. அந்த எண்ணை அதிகம் தேட வைப்பது வாடகை மோட்டார் சைக்கிள்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தலைக்கவசமும் இன்றி விழுந்தவரின் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை.